பாதியில் நின்ற லிபரேட்டர்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் என் லிபரேட்டர் குண்டுவீச்சு விமான மாடலின் படம் வந்தது. படத்துக்குக் கீழே, "பல வருஷம் கிடப்பில் இருந்து இப்போதுதான் முடிந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மாடலைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த வரியைப் பற்றி வந்தவை அதிகம். பரண்மேல் ஒரு பாதி விமானம் வைத்திருப்பவர்கள் நம்மில் இவ்வளவு பேரா! அதனால் இந்த மாதம் கப்பலும் ரயிலும் காத்திருக்கட்டும். எல்லாக் கேள்விகளும் லிபரேட்டரைச் சுற்றியே.

கேள்வி: 1/72 அளவு (அசலில் 72இல் ஒரு பங்கு) பி-24 லிபரேட்டர் கிட் ஒன்றைக் கல்யாணத்துக்கு முன்பு வாங்கி ஆரம்பித்தேன். உடல் பகுதியின் இரண்டு பாதிகளையும் ஒட்டியதோடு சரி. இப்போது என் பெண் கல்லூரிக்குப் போகிறாள். பெட்டியைத் திறந்தாலே மலைப்பாக இருக்கிறது. மூக்குக்குள் எடை வைத்தேனா என்பதுகூட நினைவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— வங்கி அலுவலர், ஈரோடு

பதில்: முழு விமானத்தையும் மனதில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தால் யாருக்கும் மலைப்புதான். என் அனுபவத்தில் எந்த மாடலும் மொத்தமாக நிற்பதில்லை, ஏதோ ஒரு வேலையில்தான் நிற்கிறது. அந்த வேலை நமக்குப் பிடிக்காததாக இருக்கும், அல்லது அதற்கு வேண்டிய பொருள் கையில் இருக்காது, அல்லது எப்படிச் செய்வதென்று தெரியாது. மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். முதலில் அந்த ஒரு வேலை எது என்று கண்டுபிடியுங்கள். மற்றதை நினைக்கவே வேண்டாம்.

உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. மூக்கு எடை. லிபரேட்டருக்கு மூக்கில் ஒரு சக்கரம், இறக்கையில் இரண்டு. மாடலில் முன்பக்கம் எடை போதவில்லை என்றால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இறக்கையை ஒட்ட உங்களுக்குக் கை வரவில்லை. நியாயம்தான். இப்போது சோதித்துவிடலாம்.

இறக்கை, வால், இஞ்சின் கூடுகள், டரெட் (துப்பாக்கிக் கூண்டு) எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்துங்கள். இறக்கைச் சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர் கீழே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பென்சில் முனையைக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். மூக்கு தாழ்ந்தால் எடை உள்ளே இருக்கிறது. வால் தாழ்ந்தால் இல்லை, அல்லது போதவில்லை.

போதவில்லை என்றாலும் ஒட்டிய உடலைப் பிளக்க வேண்டாம். மூக்கு டரெட் இன்னும் ஒட்டாமல்தானே இருக்கும்? அந்தத் துவாரம் வழியாக, தூண்டிலுக்குக் கட்டும் சின்ன ஈயக் குண்டுகளை டுவீசரால் உள்ளே தள்ளி, எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் நிறுத்துங்கள். முன்னால் போகப்போகக் குறைந்த எடையே போதும். அங்கே இடம் தீர்ந்துவிட்டால் நான்கு இஞ்சின் கூடுகள் இருக்கின்றன. லிபரேட்டரில் அவை இறக்கைக்கு முன்னால், சக்கரத்துக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே வைக்கும் எடையும் நமக்குச் சாதகம்தான். தராசு சமமானதும் நிறுத்திவிடாதீர்கள். பின்னால் இன்னும் பெயின்ட், வார்னிஷ் எல்லாம் ஏறும். கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இது முக்கியம். ஈயத்தை வெள்ளைப் பசையால், அதாவது மரத்துக்குப் போடும் பி.வி.ஏ. வகைப் பசையால் ஒட்டக் கூடாது. அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வெள்ளைத் தூளாக மாற்றும். அந்தத் தூள் ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். சில வருஷத்தில் உள்ளிருந்து அழுத்தி மாடலின் ஒட்டையே பிளந்துவிடும். அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் எபாக்ஸிதான் சரி. ஈயத்தைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், அரத்தால் ராவாதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்ட விடாதீர்கள்.

அப்புறம் இறக்கை. அசல் விமானத்தின் இறக்கை 110 அடி. உங்கள் அளவில் கிட்டத்தட்ட நாற்பத்தாறரை சென்டிமீட்டர். டேவிட் டேவிஸ் என்பவர் வடிவமைத்த அந்த ஒல்லியான இறக்கைதான் லிபரேட்டரை அவ்வளவு தூரம் பறக்க வைத்தது. ஆனால் பிளாஸ்டிக்கில் அதே ஒல்லி இறக்கை, உடலின் தோள்பட்டையில் ஒரு சின்ன நாக்கை மட்டும் நம்பி நிற்கிறது. வெயில் காலத்தில் தொய்ந்துவிடும். நான் பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றை வெட்டி, சக்கரக் குழிக்கு முன்னால் இறக்கையிலிருந்து உடலுக்குள் புகுந்து மறு இறக்கைக்குப் போகிற மாதிரி கொடுத்தேன். உங்கள் இறக்கையின் மேல், கீழ்ப் பாதிகள் இன்னும் ஒட்டாமல் இருந்தால் இது அரை மணி நேர வேலை.

தொடங்கும் முன்பு எல்லாப் பாகங்களையும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பழைய ஒட்டை இரண்டு கட்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். "டிக்" என்று சத்தம் வந்தால் அங்கே விட்டுப்போயிருக்கிறது. நீர்த்த மாடல் சிமென்ட்டை, அதாவது பிளாஸ்டிக் ஒட்டும் பசையை, பிரஷ் நுனியால் தொட்டால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பழைய புட்டி சுருங்கிப் பள்ளம் விழுந்திருந்தால் மறுபடி பூசி, 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கும்போது, அடுத்த வேலை என்ன என்று ஒரே வரியில் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் உட்காரும்போது யோசனையில் நேரம் போகாது.

கேள்வி: பழைய கிட்டின் டெக்கால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மஞ்சளடித்துவிட்டது. தூக்கிப் போட மனமில்லை.
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: போடாதீர்கள் தம்பி. அச்சுப் பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி தாளை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள். மஞ்சள் தானாக வெளுக்கும். மதுரை வெயிலுக்கு அதிக நாள் ஆகாது, ஆனால் தினமும் ஒரு தடவை பாருங்கள், நிறங்களும் வெளுக்கத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். பிறகு தேவையில்லாத ஒரு சின்ன எழுத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நொறுங்கினால், முழுத் தாளின் மேலும் மெல்லிசாகப் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் அதன் ஓரத்தை ஒட்டி வெட்டிப் பயன்படுத்துங்கள். மாடலின் பரப்பும் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பெயின்ட்டின் மேல் ஒட்டினால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளி மாதிரி மினுங்கும். மாட் வார்னிஷ் எல்லாம் கடைசியில்தான்.

கேள்வி: காக்பிட் கண்ணாடியை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். காலையில் பார்த்தால் வெள்ளை பூத்திருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டேன். இனி அதைக் காப்பாற்ற முடியுமா?
— மின்வாரிய ஊழியர், திருநெல்வேலி

பதில்: முடியும். உடனடிப் பசை வகை எதுவானாலும் அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்து இப்படிப் பூக்கும். பெரும்பாலும் மேலோடுதான் இருக்கும். வெளிப்பக்கம் என்றால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு லேசாகத் தேய்த்து, பிறகு பருத்தித் துணியில் வெள்ளைப் பற்பசை தொட்டு வட்ட வட்டமாகத் தேயுங்கள். கடைசியில் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுத்து, ஓரத்தில் தேங்கும் சொட்டைக் காகித நுனியால் உறிஞ்சிவிட்டு, தூசு விழாமல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடி வையுங்கள். உள்பக்கம் பூத்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மெல்லிய பிளேடை ஒட்டுக்குள் கொடுத்து, பலம் போடாமல், சுற்றிச் சுற்றி வாருங்கள். மறுபடி ஒட்டும்போது வெள்ளைப் பசை போதும். இங்கே ஈயம் இல்லை, பயமில்லை. கசிந்தாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

லிபரேட்டரைப் பாதியில் விட்டவர்களில் பலரும் விட்ட இடம் இந்தக் கண்ணாடிதான். மூக்கு டரெட், காக்பிட், முதுகு டரெட், வால் டரெட் என்று கண்ணாடிக்குக் குறைவே இல்லை. ஒவ்வொன்றிலும் சட்டங்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடியின் மேல் முழுக்கப் போர்த்தி, மழுக்கிய பல் குத்தும் குச்சியால் சட்டத்தின் ஓரம் ஓரமாக அழுத்துவேன். மேஜை விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் டேப்புக்கு அடியில் சட்டம் கோடாகத் தெரியும். புது பிளேடை அந்தக் கோட்டின்மேல் அதன் சொந்த எடையிலேயே இழுத்தால் போதும், டேப் வெட்டுப்படும், பிளாஸ்டிக் வெட்டுப்படாது. சட்டத்தின் மேல் இருக்கும் டேப்பை உரித்ததும் முதலில் உள்புறப் பச்சையை அடித்து, அது காய்ந்த பிறகே வெளி நிறத்தை அடியுங்கள். உள்ளே எட்டிப் பார்க்கும்போது சட்டம் பச்சையாகத் தெரியும், அசலில் இருந்த மாதிரியே. ஒரு உட்காரலில் ஒரு டரெட். அதற்குமேல் போனால் கை நடுங்கத் தொடங்கும்.

கேள்வி: வெள்ளி நிறம் அடித்தால் மழைக்காலத்தில் மங்கிப்போகிறது. சென்னையில் எப்போது அடிப்பது?
— குடும்பத் தலைவி, பெரம்பூர்

பதில்: ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். லாக்கர் பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து வெளுத்துவிடும். தை பிறந்த பிறகு, வெயில் ஏறிய முற்பகலில் அடியுங்கள், ஜன்னல் திறந்து, முகமூடி போட்டு. அடியில் பளபளக்கும் கறுப்பு ஒரு கோட் கொடுங்கள், உலோகத்தின் ஆழம் வரும்.

லிபரேட்டருக்கு இன்னொன்று. வால் சுக்கான்கள், எலிவேட்டர், இறக்கை ஓரத்து ஏலரான் என்று விமானத்தைத் திருப்ப அசையும் பாகங்கள் எல்லாம் அசலில் உலோகம் இல்லை, துணி போர்த்தியவை. அங்கே அலுமினியப் பெயின்ட் அடித்திருப்பார்கள், மினுங்காது. அவற்றை மட்டும் தனியாக மங்கலான வெள்ளியில் அடித்துப் பாருங்கள், மாடல் சட்டென்று உயிர் பெறும். குண்டறைக் கதவைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லிபரேட்டரின் கதவு கீழ்நோக்கித் திறக்காது, கடை ஷட்டர் மாதிரி உடலின் பக்கவாட்டில் சுருண்டு ஏறும். திறந்து காட்டினால் அழகுதான். ஆனால் உள்ளே எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கும். முடிக்க வேண்டிய மாடல் என்றால் மூடியே வையுங்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் எங்கள் பக்கம் லிபரேட்டர்கள் இருந்ததாக அம்மப்பா சொல்லுவார். உண்மையா? அப்படியென்றால் என் மாடலுக்கு எந்தச் சின்னம் போட வேண்டும்?
— ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் அம்மப்பா சொன்னது சரி. பிரிட்டிஷ் விமானப்படையின் 160வது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) லிபரேட்டர்களுடன் சிகிரியாவில் இருந்தது. 1944 ஆகஸ்டில் காங்கேசன்துறைத் தளத்துக்கு வந்தது, 1945 தொடக்கத்தில் மின்னேரியாவுக்குப் போனது. கடல் ரோந்து, தூரத்துத் துறைமுகங்களில் கண்ணிவெடி போடுவது, படம் எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. லிபரேட்டரின் நீண்ட பறப்பு அங்கேதான் பயன்பட்டது, ஏனென்றால் இலங்கையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல்தானே.

சின்னத்தில் கவனம் வேண்டும். பிரிட்டிஷ் சின்னம் என்றதும் நடுவில் சிவப்பு வட்டம் போட்டுவிடாதீர்கள். ஜப்பானிய விமானங்களின் சிவப்புச் சூரியனோடு குழம்பி நம் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்று, தென்கிழக்கு ஆசியப் பகுதியில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். நடுவில் வெளிர் நீலம், சுற்றி அடர் நீலம். கிட்டோடு வந்த ஐரோப்பியப் போர்க்கள டெக்கால் உங்களுக்கு உதவாது. இந்தச் சின்னத்துக்குத் தனித் தாள் வாங்குங்கள், அல்லது அடுத்த பதிலில் சொல்கிற மாதிரி நீங்களே அடித்துவிடுங்கள்.

கேள்வி: உங்கள் மாடலில் இந்திய விமானப்படைச் சின்னத்துக்கு டெக்கால் ஒட்டினீர்களா, வரைந்தீர்களா?
— ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பெயின்ட் அடித்தேன். என் மாடல் இத்தனை காலம் நின்றதே இந்த இடத்தில்தான். கிட்டில் வந்தது அமெரிக்க நட்சத்திரம். எனக்கு வேண்டியது காவி, வெள்ளை, பச்சை. டெக்கால் எங்காவது கிடைக்கும் என்று காத்திருந்தேன், காத்திருப்பே வருஷங்களாகிவிட்டது. கடைசியில் காம்பஸ் கட்டர் ஒன்றை வாங்கினேன். பென்சிலுக்குப் பதில் பிளேடு இருக்கும், அவ்வளவுதான்.

கண்ணாடிப் பலகையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஒரே மையத்தில் மூன்று வட்டங்கள் வெட்டினேன். பெரிய வட்டத்தின் வெளிப்பகுதியை மாடலில் ஒட்டி முழு வட்டத்துக்கும் வெள்ளை அடித்தேன். வெள்ளை முதலில் வர வேண்டும். காவி ஒளி ஊடுருவும் நிறம், நேராக வெள்ளியின் மேல் அடித்தால் அழுக்காகத் தெரியும். வெள்ளை நன்றாகக் காய்ந்ததும் நடு வளையத்தையும் உள் வட்டத்தையும் டேப்பால் மூடி, வெளி வளையத்துக்குக் காவி. பிறகு உள் வட்டத்தை மட்டும் உரித்து, காவியை மூடி, பச்சை. காம்பஸ் ஊசி குத்திய புள்ளி ஒவ்வொரு டேப்பிலும் இருக்கும், மாடலில் பென்சிலால் போட்ட கூட்டல் குறியின் நடுவில் அதை நிறுத்தினால் மையம் தவறாது. டேப்பை உரிக்கும்போது செங்குத்தாக இழுக்காமல், மடித்துத் தன் மேலேயே படுக்கிற மாதிரி இழுங்கள், ஓரம் பிசிறாது.

டப்பாவில் வரும் ஆரஞ்சு காவி ஆகாது. மஞ்சளில் சிவப்பைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு துளி பழுப்பும் விட்டேன். கடைசியில் கொஞ்சம் வெள்ளை, ஏனென்றால் சின்ன அளவில் நிறம் எப்போதும் அடர்த்தியாகத் தெரியும். சின்னத்தின் அளவுக்கு அசல் விமானத்தின் பக்கவாட்டுப் படம் ஒன்றே போதும். உடலின் உயரத்தில் சின்னம் எவ்வளவு என்று ஸ்கேலால் அளந்து அதே விகிதத்தில் போடுங்கள். ஆண்டையும் பாருங்கள். 1948 முதல் 1950 வரை இந்திய விமானங்களில் அசோகச் சக்கரம்தான் சின்னம். மூவண்ண வட்டம் அதற்குப் பிறகு வந்தது.

கேள்வி: என் அப்பா பெங்களூரு ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லிபரேட்டர்களைப் பழுது பார்த்த கதைகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு லிபரேட்டர் மாடலை ஆரம்பித்தார். இறக்கை வரை வந்தது. போன வருஷம் அப்பா தவறிவிட்டார். நான் முடிக்கலாமா? அவர் கைபட்ட வேலை என்னால் கெட்டுவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.
— மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

பதில்: தாராளமாக முடியுங்கள் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த மாடலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அப்பா கைவைத்த விமானங்களின் கதை மற்ற வாசகர்களுக்கும் தெரிய வேண்டும். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரின் சக்கேரி தளத்தில் நிறுத்திவிட்டுப் போனது. அவை அமெரிக்காவிடமிருந்து லெண்ட்-லீஸ் என்ற போர்க்கால இரவல் ஏற்பாட்டில் வந்தவை. இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுத்தான் போனார்கள். விடுதலைக்குப் பிறகு நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் கிடையாது, வாங்கப் பணமும் கிடையாது. அப்போது ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்று பெயர் கொண்டிருந்த உங்கள் அப்பாவின் கம்பெனி அந்தக் குவியலுக்குள் இறங்கியது. ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டி, பெங்களூரு வரை பறக்கிற அளவுக்குத் தேற்றி, இங்கே கொண்டுவந்து முழுசாகச் செப்பனிட்டார்கள். கான்பூரிலிருந்து அவற்றை ஓட்டி வந்தவர் கம்பெனியின் தலைமைச் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி. முழுப் பழுதும் பார்க்காத நான்கு இஞ்சின் விமானத்தில் அவ்வளவு தூரம்! இப்படிச் சுமார் 40 விமானங்கள் எழுந்தன. 1948 நவம்பரில் 5வது ஸ்குவாட்ரன் இவற்றைக் கொண்டே தொடங்கப்பட்டது. கடல் ரோந்துக்கு 6வது ஸ்குவாட்ரன் 1968 கடைசி வரை இவற்றை வைத்திருந்தது.

உலகத்தில் 18,000க்கும் மேல் லிபரேட்டர்கள் செய்யப்பட்டன. ஃபோர்டு கம்பெனியின் வில்லோ ரன் தொழிற்சாலையில் உச்சத்தில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று வெளியே வந்தது. போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பவை கொஞ்சம், அந்தக் கொஞ்சத்திலும் பல இந்தியாவிலிருந்து போனவை. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பது, அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் இருப்பது, கனடாவின் ஒட்டாவாவில் இருப்பது எல்லாம் நம் விமானப்படையில் பறந்தவை. ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த முறை டெல்லி போனால் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் அப்பா வேலை செய்த தலைமுறையின் பொறுமையால் நின்றுகொண்டிருக்கிறது அது.

இப்போது மாடலுக்கு வருவோம். எதையும் தொடும் முன்பு எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துவிடுங்கள். செய்முறைத் தாளை விரித்து ஓரங்களில் பென்சில் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் எழுதாமல் விடமாட்டார்கள். எந்த விமானத்தைச் செய்ய நினைத்தாரோ அதன் எண் அங்கே கிடைக்கலாம். இந்திய லிபரேட்டர் எண்கள் ஆங்கில எச்.இ. எழுத்துகளில் தொடங்கும். பெட்டியில் அவர் கலந்து வைத்த பெயின்ட் ஏதாவது இருந்தால் கொட்டிவிடாதீர்கள். இறுகியிருந்தாலும் நிறம் ஒப்பிட அது வேண்டும்.

அவர் கையில் காய்ந்தது எதையும் மாற்றாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஒட்டில் கோடு தெரிந்தால் தெரியட்டும், பிரஷ் தடம் இருந்தால் இருக்கட்டும். அதைத் தேய்த்துச் சமமாக்கினால் உங்களுக்கு ஒரு நல்ல மாடல் கிடைக்கும், அவர் வேலை போய்விடும். தூசை மட்டும் மெல்லிய பிரஷால் எடுத்து, ஈரத் துணியால் ஒற்றுங்கள். அவர் நிறுத்திய இடத்திலிருந்து உங்கள் வேலை. இஞ்சின்களில் தொடங்குங்கள், சின்னச் சின்ன வேலை, கை பழகும். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர், இரண்டு வரிசை. கறுப்படித்து, காய்ந்த பிரஷில் கொஞ்சம் வெள்ளியைத் தொட்டுத் தடவினால் விளிம்புகள் தானாக எழும்பும். சிக்கல் வந்தால் எந்த நேரமும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: என் தாத்தாவை மலாயா எஸ்டேட்டிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. லிபரேட்டர்கள் அந்தப் பாதையில் குண்டு போட்டவை என்று படித்திருக்கிறேன். குண்டு போடும் விமானத்தை மேஜைமேல் வைத்து ரசிக்க எப்படி முடிகிறது?
— ஓய்வுபெற்ற தாதி, கிள்ளான், மலேசியா

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நீங்கள் படித்தது உண்மை. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்த பிறகும், அதைப் பழுது பார்த்து ஓடவைக்கத் தமிழ்த் தொழிலாளர்களையும் போர்க் கைதிகளையும் அங்கேயே வைத்திருந்தார்கள். வங்காளத்தின் தளங்களிலிருந்து கிளம்பிய அமெரிக்க, பிரிட்டிஷ் லிபரேட்டர்கள் பாலங்களையும் ரயில் நிலையங்களையும் தாக்கின. முகாம்கள் அந்தப் பாலங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தன. குண்டுகள் கைதிகள் மேலும் விழுந்தன. தாமர்க்கான் இரும்புப் பாலம் 1945இல் உடைந்தது. இன்று அங்கே போனால், வளைந்த சட்டங்களுக்கு நடுவே நேர்க்கோணமான இரண்டு சட்டங்கள் தெரியும். உடைந்த இடத்தில் போருக்குப் பின் வைத்தவை. போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. அந்தப் பாதையை வைத்திருந்த ராணுவம் தோற்க அந்தக் குண்டுகளும் ஒரு காரணம், அதே குண்டுகள் அங்கே அடைபட்டிருந்தவர்கள் மேலும் விழுந்தன. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

நான் ரசிப்பது இஞ்சினியர் போட்ட கோட்டை, ரிவெட் அடித்த கையை, பத்துப் பேர் உள்ளே உட்கார்ந்து மணிக்கணக்கில் கடலுக்கு மேல் போன துணிச்சலை. அவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆனவர்கள், பலர் திரும்பவில்லை. ஆனால் கோடு அழகு என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்வது எனக்கு ஒப்பாது. போர் விமானம் எது செய்தாலும், அது எங்கே பறந்தது, கீழே யார் இருந்தார்கள் என்று படிக்காமல் நான் பெயின்ட் பிரஷை எடுப்பதில்லை. முடித்த மாடலின் அடிப்பலகையில் ஒரு அட்டை வைப்பேன். இந்த லிபரேட்டரின் அட்டையில் கான்பூரும் இருக்கிறது, சயாம் பாதையும் இருக்கிறது. பார்க்க வருகிற பிள்ளைகள் முதலில் டரெட்டைப் பார்ப்பார்கள், பிறகு அட்டையைப் படிப்பார்கள், பிறகு கேள்வி கேட்பார்கள். உங்கள் தாத்தா போன்றவர்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல எனக்குக் கிடைக்கும் வழி அது.

உங்களுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நியாயம்தான். உங்கள் தாத்தாவின் பெயரும் ஊரும் எஸ்டேட்டும் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? இல்லை என்றால் நீங்களே எழுதிவையுங்கள், குடும்பத்தில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு.

கேள்வி: முடித்த மாடலை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் தூசும் பல்லியும் அதிகம்.
— மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: மீன் தொட்டி செய்யும் கடையில் அளவு கொடுத்தால் அடிப்பாகம் இல்லாத கண்ணாடிப் பெட்டி செய்து தருவார்கள். 1/72 லிபரேட்டருக்கு உள் அளவு ஐம்பது சென்டிமீட்டர் நீளம், நாற்பது அகலம், இருபது உயரம் போதும். அடியில் பிளைவுட் பலகை, பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் ஃபெல்ட் துணி. நேர் வெயில் படுகிற சுவர் வேண்டாம், டெக்கால் மறுபடி மஞ்சளாகும், இறக்கை தொய்யும். டியூப் லைட்டுக்கு நேர் கீழேயும் வேண்டாம், பல்லி அங்கேதான் வரும்.